பலகைக்குப் பின்னால் ஒரு சத்தம்

பாப்பம்மாள்: இன்னா டீச்சர், இந்த வெயில்ல வூடு தேடி வந்துகீறீங்க? எம்பொண்ணு எவன் மண்டையனா ஒடச்சிட்டாளா?

எவாஞ்சலின்: வடக்குப்பட்டுல எல்லா மண்டையும் பத்திரமா இருக்கு பாப்பம்மா. தென்றல் எங்க?

பாப்பம்மாள்: பம்புசெட்டாண்ட ஆடிகினு கீறா.

எவாஞ்சலின்: நல்லது. இப்படி என் எதிர்ல உட்காருங்க... ஒண்ணாங்கிளாஸ்லயே அவதான் கெட்டி. 'ப' சொல்லும்போது வாய்க்கு முன்னாடி காகிதம் பிடிக்கச் சொல்வேன். சத்தம் சரியா வந்தா ஆடும். உங்க பொண்ணு சொன்னா ஒரகடம் வரைக்கும் பறக்குது.

பாப்பம்மாள்: அவங்கப்பன் வாகு. அவரு தும்முனா ஓடு கழலும்.

எவாஞ்சலின்: நேத்து வேற ஆட்டம். ஒரு பிள்ளை பலகையால வாயை மூடிகிட்டு சத்தம் சொல்லணும், மத்தவங்க அந்த எழுத்தை எழுதணும். ரகுபதி 'மா' சொன்னான். எல்லாரும் எழுதிட்டாங்க. தென்றல் மட்டும் வெறும் பலகையோட என்னைப் பார்த்துச் சிரிச்சா.

பாப்பம்மாள்: வெக்கமா இருக்கும்.

எவாஞ்சலின்: மூணு தடவை சொல்ல வச்சேன்.

பாப்பம்மாள்: சளி டீச்சர்... காது அடைச்சிகினு...

எவாஞ்சலின்: பாப்பம்மா. எப்போலேருந்து?

பாப்பம்மாள்: ரெண்டு வயசுல ஜொரம். அப்பாலேருந்து அண்டாவே உருண்டாலும் திரும்ப மாட்டா. வாயப் பாத்துதான் எல்லாம்... யாருக்கும் சொல்லல.

எவாஞ்சலின்: காது கேக்காத பிள்ளைங்களுக்கு மெட்ராஸ்ல ஸ்கூல் இருக்கு. ஹாஸ்டலோட. மனு கொண்டாந்திருக்கேன்.

பாப்பம்மாள்: ஆறு வயசு டீச்சர். என் தொண்டையில கைய வச்சிகினுதான் தூங்கறா. நான் பேசறது அவ கையில தெரியுதாம்... உங்க கிளாஸ்லயே இருக்கட்டுமே.

எவாஞ்சலின்: முடியாதும்மா.

பாப்பம்மாள்: சோறு கொழையுது, வடிச்சிட்டு வரேன்... டீச்சர், டீ போடட்டா? ... டீச்சர்? ... டீச்சர், உங்க முதுவுல தேளு ஊருது.

எவாஞ்சலின்: என்னம்மா, எதிர்ல வந்து நிக்கறீங்க? வடிச்சாச்சா? ஏன் அப்படிப் பாக்கறீங்க?

பாப்பம்மாள்: பின்னால நின்னு மூணு தபா கூப்ட்டேன். தேளு ஊருதுன்னு பொய்கூட சொன்னேன். எவ்ளோ நாளா?

எவாஞ்சலின்: மூணு வருஷம். இந்த மாசத்தோட வேலையை விடறேன். வர்ற டீச்சர் போர்டைப் பாத்துகிட்டே பேசினா இவ கதி என்ன? அதான் மனு.

பாப்பம்மாள்: அப்போ நேத்து... ரகுபதி சொன்ன சத்தம்?

எவாஞ்சலின்: எனக்கும் கேக்கல பாப்பம்மா. மத்த பிள்ளைங்க எழுதினதைப் பாத்துதான் 'மா'ன்னு தெரிஞ்சுது. அதுவரைக்கும் நான் சும்மா சிரிச்சிகிட்டு நின்னேன். எதிர்ல உங்க பொண்ணும் அதே சிரிப்பு சிரிச்சா.