பாகு ஊத்தாத பிஸ்கட்

“அவரை ஆஸ்பத்திரியில படுக்க வச்சது நான் சுட்ட பிஸ்கட்டுதான்க்கா.”

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டுப் பெண் இதை அலுப்போடு சொன்னாள். மடியில் ஓர் எவர்சில்வர் டப்பா. பக்கத்தில் இருந்த பெரியவள் சட்டென்று திரும்பினாள்.

“என்னடி சொல்ற? ஒம் புருசனையா?”

“சுகருக்கு ஜீனி ஆவாதுன்னாங்கல்ல? அதான் ஓட்ஸ்ல வெல்லப்பாகு ஊத்திப் பிசைஞ்சு, குக்கர்ல உப்பைக் கொட்டி, அதுமேல தட்டு வச்சு சுட்டுக் குடுத்தேன். வேலைக்குப் போயிட்டு வந்து தெனம் அடுப்புகிட்ட நின்னேன். ஜீனிதான் இல்லையேன்னு பத்து, பன்னெண்டு திம்பாரு. சுகர் ஏறிப்போயி, கால்ல வந்த புண்ணு ஆறவே இல்ல.”

“வெல்லமும் ஆவாதேடி.”

“நேத்து நர்ஸம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

“அப்ப இந்த டப்பாவுல?”

“பாகு ஊத்தாம, வெறும் பால் விட்டு சுட்டது. அட்டை மாதிரி இருக்கு.”

“திம்பாரா?”

“மாட்டாரு.”

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. அவள் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“போனதும் என் கையைத்தான்க்கா பாப்பாரு. வெறுங்கையோட எப்படி உள்ள போறது?”