இல்லே

ஓசூரில் யாராவது ‘இல்லே’ என்று சொன்னால், சொன்னவர் வீட்டில் என்ன மொழி பேசுவார் என்று தெரிந்துகொண்டுதான் மேற்கொண்டு நகர வேண்டும் சார். தமிழர் சொன்னால் கிடையாது. கன்னடர் சொன்னால் இங்கேயேதான் இருக்கிறது. டீக்கடையில் வடை இருக்கிறதா என்று கேட்டு, ‘இல்லே’ என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு, வடைத் தட்டுக்கு முன்னாலிருந்தே பசியோடு திரும்பிப் போன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு மாதம்தானே ஆகிறது. போகப் போகப் பழகிவிடும்.

உள்ளூர் கேபிள் சேனலில் எங்கள் நகைச்சுவை நிகழ்ச்சி ஓடியதே இந்த மாதிரிச் சொற்களை வைத்துத்தான். எழுதுவது நான், நடிப்பது மாரிசாமி. அவன் சாத்தூர்க்காரன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. கன்னடமும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. வாரம் ஒரு சொல்லைப் பிடிப்பேன். அது என்ன என்று அவனுக்கு முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். தெலுங்கு பேசும் வீட்டுக்காரம்மா ‘செப்பு’ என்பார், அதாவது சொல்லு. இவன் செருப்பைக் கழற்றி நீட்டுவான். சண்டை பெருத்து, எதிர்வீட்டுக் கல்யாணம் வரைக்கும் நின்றுபோன பிறகு நான் உள்ளே வந்து, “டேய், அந்தம்மா கேட்டது அது இல்லடா” என்று விளக்குவேன். அதோடு சுபம். காவேரிப்பட்டினம் வரைக்கும் சிரித்தார்கள்.

அவன் முகத்தில் தெரியும் முழிப்பு நிஜமாக இருக்க வேண்டும் என்பதற்காக, கன்னடம் பேசுகிறவர்களோடு சாப்பிட உட்காராதே என்றுகூடச் சொல்லிவைத்திருந்தேன். கேட்டுக்கொண்டான். ‘இல்லே’யை மட்டும் பொங்கல் சிறப்பு நிகழ்ச்சிக்கென்று எடுத்து வைத்திருந்தேன்.

கேமரா நின்றுவிட்டால் எங்களுக்குள் வேறு சட்டம். அப்போது அவன் எதைக் கேட்டாலும் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். “டிவியில என்னைய எம்புட்டு வேணும்னாலும் முட்டாளாக்குங்கண்ணே. வெளியில மட்டும் கைவிட்றாதீக” என்று முதல் நாளே கேட்டுக்கொண்டான். நானும் தலையாட்டினேன்.

மூன்று வருடம் இப்படிப் போனது. பிறகு, சென்னைச் சேனல் ஒன்று அவனைக் கூப்பிடுவதாகப் பேச்சு வந்தது. அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் அவனைப் பார்க்கக் கம்பெனி வாசலுக்குப் போனேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான். “அண்ணன் இல்லே” என்றான். அதற்குள் ஷிஃப்ட் முடிகிற சங்கு ஊதிவிட்டது. மீதி என் காதில் விழவில்லை. விழட்டும் என்று நான் நிற்கவும் இல்லை. பேச்சு மூச்செல்லாம் நான் கொடுத்தது, இப்போது நான் வேண்டாமா என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடு இன்னும் மூன்று வாரம் அவனுக்குக் காட்சி எழுதினேன்.

நான்காவது வாரம் சானமாவுக் காட்டோரம், ஒரு ராகி வயலில் படம்பிடித்தோம். மாரிசாமிக்குப் பெண் வேடம், நைலக்ஸ் புடவை. காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டோம். கேமராக்காரர் ஆமிர் வண்டியை எடுத்துக்கொண்டு இட்லி வாங்கப் போனார். வேடத்தைக் கலைக்க மாரிசாமி துணிப்பையோடு புதர்ப் பக்கம் நடந்தான். நிலத்துக்காரம்மா வெங்கடம்மாள் மேட்டில் நின்று கையை ஆட்டி, “ஆனெ இல்லே” என்றார். கத்தவில்லை. யானை பக்கத்தில் இருந்தால் எங்கள் ஊரில் யாரும் கத்த மாட்டார்கள். சாதாரணமாகப் பேசுவது போலத்தான் கேட்கும்.

அந்தம்மாவிடம் கன்னடத்தில் பேசித்தான் அந்த இடத்தையே நான் கேட்டு வாங்கியிருந்தேன். என் அம்மாவும் தளிப் பக்கத்துக் கன்னடக்காரி. நான் உள்ளே வந்து விளக்க வேண்டிய கட்டம் அது. நான் வாயைத் திறக்கவில்லை. யானை சும்மா விரட்டும், இவன் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான், பார்த்துச் சிரிக்கலாம் என்றுதான் நினைத்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் புடவையில் ஓட முடியாது என்பது, அதைக் கட்டச் சொன்ன எனக்குத் தெரியும்.

யானை அவனை மிதித்தபோது நான் சாலையில் வண்டிக்காகக் காத்திருந்தேன் என்று விசாரணையில் உங்களிடம் சொன்னது பொய். வெங்கடம்மாள் அழுதுகொண்டே சொன்னதை உங்களுக்கு மொழிபெயர்த்தவனும் நான்தான். “யானை இங்கேயே இருக்கிறது என்றேன், பக்கத்தில் நின்ற இவருக்குக் கன்னடம் தெரியும், இவர் தடுப்பார் என்று நினைத்தேன்” என்று அவர் என்னைக் காட்டிச் சொன்னார். “யானை இல்லை என்று தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடுங்கள்” என்கிறார் என்று நான் உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். இப்போது ஊரில் அந்தம்மாவோடு யாரும் பேசுவதில்லையாம். அதை நினைத்தால் தலை நிமிர முடியவில்லை.

நேற்று முன்தினம் பதினாறாம் நாள் காரியம். மாரிசாமியின் மனைவி சுஜாதா எனக்குக் காபி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தது.

“நீங்க மட்டும் கிட்டக்க நின்னிருந்தா வெவரம் சொல்லித் தடுத்திருப்பீகண்ணே” என்றது. “மெட்ராஸ்காரங்க கூப்ட்டப்பகூட, அண்ணன் இல்லேன்னா நானும் இல்லேன்னு இவுக போன்லயே சொல்லிட்டாக. ஒங்களுக்குத் தெரிஞ்சா, என்னால நின்னுபோச்சேன்னு வருத்தப்படுவீகன்னு ஒங்ககிட்ட மறைச்சாக.”

அந்தக் காபியைச் சொட்டு மீதி இல்லாமல் குடித்தேன் சார். இறங்கியது. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டா என்று தெரியவில்லை.

வாயைத் திறக்கவில்லை என்று சற்று முன்னால் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். மாரிசாமி பாதி வழியில் நின்று என் பக்கம் திரும்பினான். கேமரா ஓடவில்லை.

“அண்ணே, அந்தம்மா என்ன சொல்லுது? ஆனை இருக்கா?” என்று கேட்டான்.

“இல்லே” என்றேன்.

சரியென்று தலையாட்டிவிட்டுப் புதருக்குள் போனான். நான் சொன்னது கன்னடத்தில்தான் சார். அவன்தான் தமிழில் எடுத்துக்கொண்டான்.