பந்தாட்டச் சட்டை தைத்த எண்பத்து மூன்றாம் நம்பருக்கு

குளிரோடை எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தேழு ஆண்டுகள் கொழுந்துச் சாக்குத் தைத்து, இன்று ஊசியை உறையிலிட்டு ஓய்வு பெறும் உத்தமரே, கிழிந்ததைக் கண்டால் கேளாமலே தைக்கும் கருணைக் கரத்தவரே, கால்பந்துக் குழுவின் மானம் காத்த மாண்பாளரே, அன்பின் மொக்கையன் அவர்களே, வணக்கம்.

தாங்கள் சாக்குத் தைத்த சிறப்பைத் துரையவர்களின் சான்றிதழ் ஒன்றரை வரியில் சொல்லி முடித்துவிட்டது. அதில் விடுபட்ட பந்தாட்டச் சட்டைகளைப் பற்றி மட்டும் நாங்கள் சொல்கிறோம். மிகையாக ஒரு சொல்லும் இதில் இல்லை.

தாங்கள் சொந்த ஊரான கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு மலைவழி ஏறி இங்கு வந்த காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு உடுப்பென்று ஒன்று கிடையாது. தார்ப்பாய்ச்சிய வேட்டியும் தலைப்பாகையுமாய் இருபத்திரண்டு பேரும் ஒரே மாதிரி நிற்பார்கள். ஓர் ஆட்டத்தில் பக்கத்து எஸ்டேட்டார் ஒருவர் பாதி நேரம் நமக்காக ஆடி, இரண்டு கோலும் போட்டு, காப்பியும் குடித்துவிட்டுத்தான் தாம் பக்கம் மாறி ஆடியதை உணர்ந்தார். மனம் பொறாத தாங்கள், நம்மவர் தோளின் குறுக்கே சிவப்புத் துணிப்பட்டை தைத்துப் போட்டீர்கள். நம் குழுவின் முதல் சீருடை அதுவே.

அடுத்து வந்தது சாக்குச் சட்டை. கழித்துப் போட்ட கொழுந்துச் சாக்கில் தலைக்கு ஒன்றும் கைக்கு இரண்டுமாய்த் துளையிட்டுத் தந்தீர்கள். அரிப்புத் தாங்காமல் ஒருவரும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. அந்த ஆண்டு ஐந்து ஆட்டத்திலும் வென்றோம்.

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்த பிறகு, அப்போதிருந்த துரையவர்கள் சீமையிலிருந்து கம்பளிச் சட்டைகளும், முழங்காலுக்குக் கீழே தொங்கும் கால்சட்டைகளும் வரவழைத்தார்கள். ஆடி மழையில் பாய்ந்து விழுந்த கோல்காப்பாளரைச் சட்டையோடு தூக்கி நிறுத்த நான்கு பேர் வேண்டியிருந்தது. ஆட்டம் முடிந்து பிழிந்த தண்ணீர் நாற்றங்காலுக்கு மூன்று நாள் பாய்ந்தது. கம்பளியைக் கழற்றிவிட்டு மெல்லிய மல்லுத்துணியில் சட்டை தைத்தீர்கள். கால்சட்டைக்குள் அட்டைப்பூச்சி ஏறுவது கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று ஆண்டுக்கு இரண்டு விரற்கடை வீதம் வெட்டி, முழங்காலுக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினீர்கள். சீமையிலும் அதே காலத்தில்தான் கால்சட்டை குட்டையானதாம். அங்கும் அட்டை இருந்திருக்க வேண்டும்.

இனி, சென்ற ஆண்டு நடந்தது. புதிதாய் வந்த துரையவர்கள், "கோப்பை ஆட்டத்தில் தோற்றால் திங்கட்கிழமை மைதானத்தில் குழி வெட்டித் தேயிலை நடுவோம்" என்றார்கள். எங்களுக்கு இருந்த ஒரே சமதரை அது. அத்தோடு, சீமைப் பத்திரிகையில் பார்த்தபடி ஆளுக்கொரு நம்பரை முதுகில் தைக்கவும் உத்தரவிட்டார்கள். தாங்கள் யோசிக்கவே இல்லை. நாள்தோறும் காலையில் பேர் கூப்பிடும் செக்ரோல் ஏட்டில் யாருக்கு என்ன நம்பரோ, அதையே அவரவர் முதுகில் தைத்துவிட்டீர்கள்.

கோல்காப்பாளர் பொன்ராஜ் தம் சட்டையில் இருநூற்றேழு இருக்கக் கண்டு திகைத்தார். "அண்ணே, எனக்கு ஒண்ணுன்னுல்ல போடணுமாம்?"

"ஒண்ணாம் நம்பரு கங்காணியோட மாமியா. அந்தம்மா காதுல விழுந்துச்சுன்னா நீ தொலைஞ்ச. பேசாம மாட்டு."

மைதானத்தில் வந்து நின்ற பக்கத்து எஸ்டேட்டார் நம் முதுகுகளைப் படித்தார்கள். நூற்றுப் பதினான்கு. அறுபத்தாறு. இருநூற்றேழு. அவர்கள் தலைவர் மெல்லத் தங்களிடம் வந்து, "மிச்சப் பேரெல்லாம் எங்கண்ணே?" என்றார்.

நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே தாங்கள் சொன்னீர்கள்: "தேயிலைக்குள்ள உக்காந்திருக்காக. இவுக அலுத்துட்டா ஒவ்வொருத்தரா எந்திரிச்சு வருவாக."

அவ்வளவுதான். இருநூறு பேரைச் சமாளிக்க வேண்டுமே என்று அவர்கள் மூச்சை மிச்சம் பிடித்து ஆடினார்கள். தேயிலைப் பக்கம் காற்றசைந்தால் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி ஒருமுறை பதினொருவரும் திரும்பிய வேளையில், நம் நூற்றுப் பதினான்கு பந்தை உள்ளே தள்ளியது. அந்த ஒரு கோல் போதுமாயிருந்தது. இன்று தங்களை வழியனுப்பும் இந்தப் பந்தல் நிற்பதும் அந்த மண்ணில்தான், அண்ணே. இங்கே குழி வெட்டியது பந்தற்காலுக்கு மட்டுமே.

நாளைக் காலையில் தங்கள் நம்பரான எண்பத்து மூன்று செக்ரோலிலிருந்து அடித்து நீக்கப்படும். இத்தனை முதுகுகளில் நம்பர் தைத்த தாங்கள், தங்கள் நம்பரை எந்தச் சட்டையிலும் தைத்துக்கொள்ளவில்லை. ஆகையால் பன்னிரண்டாவதாக ஒரு சட்டையை நாங்களே தைத்து இம்மடலோடு அளிக்கிறோம். எட்டு சற்றுச் சாய்ந்திருக்கிறது. மூன்று எப்படி அப்படியானது என்று எங்களுக்கே தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் பிரித்துத் தைக்க உட்காராமல் பார்த்துக்கொள்ளும்படி மதினி வேலுத்தாய் அவர்களிடம் சொல்லியிருக்கிறோம்.

கண்ணொளி குன்றாமல், கைந்நடுக்கம் காணாமல், மதினியாரோடு மகிழ்ந்து, நூறாண்டு நலமாய் வாழ்க. தாங்கள் எங்களுக்குச் செய்ததற்கு நன்றி என்ற சொல் சிறிது. அதைவிடப் பெரிய சொல் எங்களிடம் இல்லை.

இனி எந்த ஊரார் வந்து, மிச்சப் பேர் எங்கே என்று கேட்டாலும், நாங்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை. கம்பம் ஊரில் ஒருவர் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார், கூப்பிட்டால் எழுந்து வருவார் என்போம்.

இங்ஙனம்,
நூற்றுப் பதினான்கு, அறுபத்தாறு, இருநூற்றேழு முதலிய பதினொரு முதுகுகளும்,
தொழிற்சாலையின் மற்ற நம்பர்கள் அனைவரும்.
குளிரோடை எஸ்டேட், 31 மார்ச்சு 1936