அஜிதாவின் நேற்று

ஜெர்மன் மொழியில் இறந்தகாலம்தான் கஷ்டம். அதனால் கழக்கூட்டத்து மாலை வகுப்பில் ஸ்ரீலட்சுமி டீச்சர் எங்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவருடைய நேற்றை மற்றவர் டைரியாக எழுதிவரச் சொன்னார். எனக்கு வாய்த்தவள் அஜிதா. பாறசாலைக்காரி, தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ஆறு மாதத்தில் காதலிக்கத் தொடங்கினோம். தேர்வில் வென்றால் அவள் ஜெர்மனிக்குப் போய்விடுவாள். நான் இரண்டு முறை தோற்றவன்.

ஒருநாள், கரமனை பஸ் ஸ்டாப்பில் ‘உன்னை விட்டுப் போகமாட்டேன்’ என்று அவள் சொன்னதாக எழுதினேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. என்றாவது சொல்வாளா என்று காத்திருக்க எனக்குத் தெம்பில்லை.

வாசித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

“அப்படியா சொன்னேன்? எனக்கு ஓர்மையே இல்லியே.” பிறகு சிரித்தாள். “டூட்டி பாத்துப் பாத்து மண்டை காலியாயிட்டு. இனி என் மூளைக்கு நீதான் வாட்ச்மேன், கேட்டியா.”

அதன்பின் வாரத்துக்கு ஒன்று மாற்றினேன். சாவியை எங்கே வைத்தாள், அம்மாவிடம் என்ன சொன்னாள். சரியான பத்துக்கு நடுவே தவறான ஒன்று, அவ்வளவுதான். மார்ச்சுக்குள் எதையும் என்னிடம் கேட்ட பிறகே நம்பினாள். தன்னை நம்ப முடியாதவர்களுக்கு அது பெரிய ஆறுதல். எனக்கு அப்படி யாரும் கிடைத்ததில்லை.

நீங்கள் காட்டிய அழைப்புப் பட்டியல் சரிதான், சார். அன்று மாலை ஆறு பத்துக்கு அவள் பேசினாள். ஏழாம் படுக்கை ஆறுமுகநயினாருக்கு இன்சுலின் போட்டாயிற்று, இனி டீ குடிக்க வேண்டும் என்றாள். யாரோ அவசரமாகக் கூப்பிட, சார்ட்டில் கையெழுத்துப் போடாமல் ஓடியிருக்கிறாள். ஆறரைக்கு மறுபடி அழைத்தாள்.

“நயினார் தாத்தாவுக்கு ஊசி போட்டேன்னுதான் தோணுது. சார்ட்ல இல்ல. உன்கிட்ட சொன்னேனா?”

டைரி மடியில் திறந்திருந்தது. ஊசி போட்டதாக அவள் சொன்னதை நேரத்தோடு குறித்திருந்தேன். மறுவாரம் அவளுக்குத் தேர்வு. வேலையில் ஒரு பிழை வந்தால் பயணம் தள்ளிப்போகும்.

“இல்ல. டீ குடிக்கப் போறேன்னு மட்டும்தான் சொன்னே.”

இரண்டாவது ஊசியையும் போட்டாள். சர்க்கரை இறங்கி மயங்கிக்கிடந்த பெரியவர் தூங்குகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவர் இறப்பார் என்று நான் நினைக்கவில்லை. இறக்கமாட்டார் என்றும் நினைக்கவில்லை.

நேற்று இந்த ஸ்டேஷனில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டைரியில் அந்த ஆறு பத்துக் குறிப்பையும் காட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

“என்னைக் காப்பாத்த இதை இப்போ எழுதினியா? எனக்காகப் பொய் சொல்லாத, பிரதீஷ். தப்பு என்னோடதுதான்.”

வெகுநேரம் என் கையை விடவே இல்லை. நான் மறுத்துப் பேசவில்லை. அவளை நான் அழித்துவிட்டேன் என்று நீங்கள் சொல்வது, சார், எங்கள் இருவரையும் தெரியாததால்.