நாலு பாரை மிச்சம்

— என்ரை தம்பியின்ரை பங்கைத் தாங்கோ, சம்மாட்டியார்.

— மக்டலீன், உதென்ன கதை? கடல் எடுத்தவன்ரை பங்கைப் பெண்டுகள் வாய்திறந்து கேக்கப்படாதெண்டு கொம்மா சொல்லித் தரேல்லையோ?

— சொன்னவ. கேட்டால் வீட்டிலை இன்னொரு ஆம்பிளையையும் கடல் எடுக்குமாம். எடுக்கட்டும். என்னைப் பெத்த அப்புவும் போயிட்டார், தம்பி பிலேந்திரனும் போயிட்டான். இனி எங்கடை வளவிலை ஆம்பிளை எண்டு நிக்கிறது சேவல் மட்டும்தான்.

— இஞ்சேருங்கோ, பிள்ளையை உள்ளுக்கை கூப்பிடுங்கோவன். றோட்டிலை சனம் பாக்குது. இரு மோனை, தேத்தண்ணி போடுறன்.

— தேத்தண்ணி வேண்டாம், அருமைநாயகி மாமி. உங்கடை மனிசன் மறுமொழி சொல்லட்டும்.

— என்னத்தைச் சொல்ல? மாரிக்கடல், பிள்ளை. வலை இழுத்துப்போட்டுத் திரும்பேக்கை அலை அடிச்சுது. உன்ரை தம்பி விழுந்திட்டான். விடியுமட்டும் தேடினம்.

— அது கேட்டுக் கேட்டுப் புளிச்ச கதை. நான் கேக்கிறது பங்கு. அப்பு கடலிலை போன நேரம், அவற்றை மீனைத் தனியக் குவிச்சு, மேலை ஒரு பிடி உப்புத் தூவி, எங்கடை வாசல்லை வைச்சுப்போட்டு ஒரு கதையுமில்லாமல் திரும்பிப் போனது ஆர்? நீங்கள்தானே? வள்ளத்திலை ஏறினவனுக்கு, செத்தாலும் பங்கு உண்டு. பிலேந்திரனுக்கு ஏன் வைக்கேல்லை?

— மறந்து போச்சு.

— குருநகரிலை ஆரும் அதை மறக்கிறதில்லை. சரி, அண்டைக்கு வலையிலை எத்தினை பாரை மீன் பட்டது?

— ஆருக்கு ஞாபகம்?

— செபஸ்தியம்மாவுக்கு ஞாபகம். யாவாரத்துக்குக் கரையிலை நிண்டு எண்ணினது அவதான். எண்பத்துநாலு. வள்ளத்துக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. என்ரை தம்பியோடை சேத்து நீங்கள் அஞ்சு பேர் எண்டால் மொத்தம் ஆறு பங்கு. சரியோ?

— கம்பஸிலை பட்டப்படிப்புப் படிச்சுப்போட்டு வந்து, வள்ளம் வைச்சிருக்கிற சம்மாட்டிக்குக் கணக்குப் படிப்பிக்கிறியோ?

— ஓம், படிப்பிக்கிறன். எண்பத்துநாலு இரட்டை எண், இரண்டாலை பிரியும். எட்டையும் நாலையும் கூட்டினால் பன்னிரண்டு. பன்னிரண்டு மூண்டாலை பிரியிறபடியால் எண்பத்துநாலும் பிரியும். இரண்டாலையும் மூண்டாலையும் பிரியிறது ஆறாலையும் பிரியும். வகுத்துப் பாக்கவே தேவையில்லை. ஒரு மீனும் மிஞ்சாது.

— மிஞ்சாட்டி விடன். அதுக்கு இப்ப என்ன?

— பங்கிலை மிஞ்சினது அந்தோனியார் கோயிலுக்கு. அதுதானே வழமை? அண்டைக்குக் கோயில் வாசல்லை உங்கடை வள்ளத்து மீன் எண்டு நாலு பாரை ஏலம் போனது. அந்த நாலும் எங்காலை வந்தது?

— சும்மா குடுத்ததாய் இருக்கும்.

— நீங்கள் சும்மா குடுக்கிற ஆள் இல்லை. கடைசி இலக்கம் சைபரோ அஞ்சோ இல்லாட்டி அஞ்சாலை பிரியாது. எண்பத்துநாலை அஞ்சாய்ப் பிரிச்சால் மிச்சம் நாலு. நீங்கள் பிரிச்சது அஞ்சு பங்கு, சம்மாட்டியார். வள்ளமும் நாலு பேரும். ஏறினவன்ரை பங்கை நீங்கள் தின்னமாட்டியள்; என்ரை தம்பி அதிலை ஏறவேயில்லை. ஊரெல்லாம் பொய் சொன்ன உங்களுக்கு அந்தோனியாரிட்டைப் பொய் சொல்ல மட்டும் மனம் வரேல்லை, என்ன?

— சொல்லிவிடுங்கோ, இஞ்சேருங்கோ. நானும் எத்தினை நாளைக்கு இதை நெஞ்சுக்கை வைச்சிருக்கிறது?

— நீ வாயைப் பொத்து, அருமை. கேள் பிள்ளை, மெல்லமாய்க் கதை. அவன் இயக்கத்துக்குப் போயிட்டான். அக்கரைக்குப் போற வள்ளத்திலை நான்தான் ஏத்திவிட்டனான். என்ரை காலைப் பிடிச்சான். தான் போனது தெரிஞ்சால் ஆமி அம்மாவையும் அக்காவையும் விடாது, கடலிலை விழுந்தன் எண்டு சொல்லுங்கோ எண்டு அழுதான்.

— பிறகேன் பங்கு வைக்கேல்லை? பொய்யை முழுசாய்ச் சொல்லியிருக்கலாமே?

— உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு உப்புத் தூவின பங்கு வைக்கிறதோ? வைச்சால் பலிச்சிடும். கை வரேல்லை, மோனை.

— சவப்பெட்டி தூக்க மட்டும் கை வந்ததோ?

— மக்டலீன்...

— பாசையூர்க் கரையிலை முகமில்லாமல் ஒரு உடம்பு ஒதுங்கினது. அம்மா பாக்கமாட்டன் எண்டு மண்ணிலை விழுந்து கிடந்தா. நான் அவவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். இடுப்பிலை கட்டியிருந்த சறத்தைப் பாத்து, "ஓம், எங்கடை பிலேந்திரன்தான்" எண்டு சொன்னது நீங்கள்.

— வேறை என்ன செய்ய? கொம்மா சோறு தண்ணியில்லாமல் கடலையே பாத்துக்கொண்டு கிடந்தவ. அடக்கம் செய்த பிறகுதான் ஒரு வாய் கஞ்சி குடிச்சவ. நீ இப்பப் போய் மகன் உயிரோடை எண்டு சொன்னால், ஒவ்வொரு வீட்டுப் படலையிலையும் நிண்டு அவன்ரை பேரைச் சொல்லிக் கத்துவா. ஆமியின்ரை காதிலை விழுந்தால் உங்கடை வீடும் இல்லை, என்ரை வள்ளமும் இல்லை. யோசி.

— யோசிச்சுப்போட்டுத்தான் வந்தனான். குறிகட்டுவான் பஸ்ஸுக்கு நேரமாகுது, அங்கையிருந்து வள்ளமேறி நெடுந்தீவுக்குப் போகவேணும்.

— குறிகட்டுவானோ? கொம்மாவிட்டைப் போகேல்லையோ?

— அம்மாவுக்குப் பிறகு சொல்லலாம். என்னோடை படிச்ச அருந்ததி நெடுந்தீவிலை படிப்பிக்கிறாள். அங்கை ஒரு மனிசி, கரைக்கு வாற வள்ளம் எல்லாத்தையும் மறிச்சு, "என்ரை மகனைக் கண்டியளோ" எண்டு கேக்கிறாவாம். அவனும் பிலேந்திரன் போன அதே கிழமைதான் கடலுக்குப் போனவனாம். அவவின்ரை பிள்ளைக்குத்தான் எங்கடை அம்மா ஒவ்வொரு பின்னேரமும் கல்லறையிலை மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நிக்கிறா. நான் வாறன், மாமி.