இருபத்தேழாவது மணி

பேரப்பிள்ளையின் படத்தை அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளையின் பெயரை எழுத மறந்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்கும் நாயின் பெயரை மறக்க மாட்டார்கள். நாற்பத்தேழு வருடமாகப் பார்த்துவிட்டேன், மேரிட். உட்காருங்கள். அந்த ஒலிப்பதிவுக் கருவியை மேஜைமேலேயே வைக்கலாம், எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை. எலுமிச்சைக் கேக் நேற்றுச் செய்தது, இன்றுதான் நன்றாக இருக்கும்.

நீங்கள் பழைய மாணவர் அலுவலகத்துக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது என்பதால் சொல்கிறேன். கிரேஃபோர்ட் சின்னக் கல்லூரி. 1972ஆம் ஆண்டு வகுப்பில் நாங்கள் மொத்தம் நூற்றுப் பதினான்கு பேர். கல்லூரிப் பத்திரிகை வருடத்துக்கு மூன்று இதழ். ஒவ்வொரு இதழிலும் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பக்கம்: யாருக்குக் கல்யாணம், யாருக்குப் பதவி உயர்வு, யார் முழங்கால் மாற்றிக்கொண்டார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் பக்கத்தை எழுதும் வகுப்புச் செயலாளர் நான். வேறு யாரும் கேட்காததால் எனக்கு வந்த பதவி.

சுத்தமாகச் செய்தேன் என்று தைரியமாகச் சொல்வேன். ஒருவன் மூன்றாவது கல்யாணம் செய்துகொண்டால் "மனைவி" என்றே எழுதுவேன், எண் போட மாட்டேன். மகன் சிறையில் இருப்பவள் "மகன் இப்போது டெக்சாஸில் இருக்கிறான்" என்று எழுதி அனுப்பினால் அப்படியே போடுவேன். என் பெயரும் எல்லா இதழிலும் வரும், கடைசி வரியில்: செய்திகளை ரோபர்ட்டா கெய்ஸ்லருக்கு அனுப்பவும். இந்த ஊர் நூலகத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது அதை ஒரு வரி எழுதினேன். இடம் பற்றவில்லை, நானே வெட்டிவிட்டேன். என்னைப் பற்றி எழுத அதற்கு முன்பும் பின்பும் ஒன்றும் நடக்கவில்லை.

லெனோர் ட்ராஸ்க் கல்லூரியில் என் அறைத்தோழி. நான்கு வருடம் ஒரே அறை. அவளும் டேல் ஹேவர்காம்ப்பும் காதலித்ததும், கடைசி வருடம் ஏதோ அற்ப விஷயத்துக்குச் சண்டை போட்டுப் பிரிந்ததும் வகுப்புக்கே தெரிந்த கதை. அவன் ஆரிகனுக்குப் போனான். அவள் டொலீடோவில் ஒரு பல் மருத்துவரைக் கட்டிக்கொண்டாள். இரண்டு கல்யாணத்தையும் நான்தான் பத்திரிகையில் எழுதினேன், ஒரே இதழில், பக்கத்துப் பக்கத்து வரியில்.

2017இல் அவள் கணவர் இறந்தார். அதற்குள் அவள் பார்வையும் ஏறக்குறையப் போய்விட்டது. கணவரின் மூத்த தாரத்து மகன், அவளுக்குத் தெரிந்தவள் ஒருத்தியாவது அருகில் இருக்கட்டும் என்று, நம் ஊர் மேட்டிலுள்ள முதியோர் இல்லத்தில் கொண்டுவந்து சேர்த்தான். அந்தத் தெரிந்தவள் நான்.

வெள்ளிக்கிழமை தோறும் நான்கு மணிக்குப் போவேன். பத்திரிகை வந்த வாரம் பத்திரிகையைப் படித்துக் காட்டுவேன். அவளுக்கு இறந்தவர்கள் பட்டியல்தான் முதலில் வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் விரல் மடக்குவாள். "எத்தனையாச்சு?" என்று கேட்பாள். சொல்வேன். "நம்ம டீம் ஜெயிக்குதுடி," என்பாள். ஒருமுறை என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: "பாபி, நான் போனா 'அமைதியாக'னு மட்டும் எழுதிடாத. நான் எதையுமே அமைதியாச் செஞ்சதில்ல."

எனக்கு அப்போது அறுபத்தேழு வயது. அதுவரை வெள்ளிக்கிழமைக்காக நான் காத்திருந்ததில்லை. வியாழன் மாலையே என்ன உடுத்துவது என்று எடுத்து வைப்பேன், பார்க்கிற கண் அவளுக்கு இல்லை என்று தெரிந்தும். சந்தோஷமாக இருந்தேன், மேரிட். அந்தச் சொல்லை மற்றவர்களுக்காக எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன்.

2019 கோடை இதழில் டேலின் மனைவி இறந்த செய்தி வந்தது. யோசிக்காமல் அதையும் படித்துவிட்டேன். என் பிழை அதுதான். "பேனா இருக்கா? எழுது," என்றாள் லெனோர்.

அந்தக் கடிதம் இதோ இருக்கிறது, நீங்களே படிக்கலாம். "டேல், உன் மனைவி போன சேதி கேட்டேன். வருத்தமா இருக்கு. நான் இப்போ கிரேஃபோர்ட்லதான் இருக்கேன், மேட்டு மேல. கண்ணு போயிடுச்சு, வாய் போகல. இந்தப் பக்கம் வந்தா ஏறி வா. அன்னிக்குச் சண்டையில உன் பக்கம்தான் நியாயம். அதைச் சொல்ல நாப்பத்தேழு வருஷம் ஆச்சு."

மறுநாள் காலை தபாலில் சேர்ப்பதாகத்தான் இருந்தேன். காலையில் கணினியைத் திறந்தால் டேலின் மின்னஞ்சல். "பாபி, லெனோர் எங்க இருக்கா? டொலீடோ விலாசத்துக்குப் போட்ட கார்டு திரும்பி வந்துடுச்சு. எழுபது ஆகப்போகுது, இனியும் வீம்பு பிடிச்சுக்கிட்டு இருக்கறதா இல்ல. உனக்குத்தானே எல்லார் சேதியும் தெரியும்."

இரண்டையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவனுக்குக் கடலோரத்தில் வீடு, காலியான அறைகள். அவன் வந்திருந்தால் மூன்றாவது வெள்ளிக்கிழமைக்குள் அவள் அறையைக் காலி செய்திருப்பாள். அடுத்த இதழில் நான் அதையும் எழுத வேண்டியிருந்திருக்கும்: ஐம்பது வருடம் கழித்து இணைந்த ஜோடி, வாழ்த்துகள், செய்திகளை ரோபர்ட்டா கெய்ஸ்லருக்கு அனுப்பவும்.

கடிதத்தை இழுப்பறையில் வைத்தேன். டேலுக்குப் பதில் எழுதினேன்: "வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். லெனோர் மார்ச் மாதம் காலமானாள். கடைசி வரை நான் அருகில் இருந்தேன்." அப்படிப்பட்ட வாக்கியத்தை அதுவரை இருபத்திரண்டு பேருக்கு எழுதியிருக்கிறேன், பழக்கம்தான்.

அத்தோடு நின்றிருக்கும். ஆனால் டேல் விடவில்லை. அவளைப் பற்றி நம் பக்கத்தில் நாலு வரி எழுத வேண்டும் என்றான், நாற்பது வரி அனுப்பினான். போடாவிட்டால் அலுவலகத்துக்கே எழுதுவான். ஆகவே உங்கள் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். அதில் மூன்று கட்டங்கள்: பெயர், இறந்த தேதி, தகவல் தந்தவர். மூன்றாவதில் "வகுப்புச் செயலாளர்" என்று எழுதினால் போதும், சான்றிதழ் கேட்க மாட்டார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. அப்போது நீங்கள் இங்கே இல்லை.

நாற்பது வரியை ஆறாகக் குறைத்தேன். "அமைதியாக" என்ற சொல்லைப் போடவில்லை. "கடைசி வரை தோழி ரோபர்ட்டா அருகில் இருந்தாள்" என்று டேல் எழுதியிருந்ததை மட்டும் விட்டுவைத்தேன்.

அந்த இதழை லெனோருக்கும் படித்தேன். அவளுடைய ஆறு வரியைத் தாண்டிப் போனது எனக்குச் சிரமமாகவே இல்லை, உடனே அடுத்தவரின் முழங்காலுக்குப் போய்விட்டேன். அதன் பிறகு அவளுக்கு வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளும் நின்றுவிட்டன. இறந்தவளுக்கு யார் அட்டை அனுப்புவார்கள்? எனக்கு ஆறுதல் கடிதங்கள் வந்தன, பதினொன்று. என் வாழ்க்கையில் எனக்கென்று அத்தனை கடிதம் வந்ததில்லை. லெனோர் கேட்பாள், "ஏன்டி யாருமே எழுதறதில்ல?" என்று. எல்லோருக்கும் வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்பேன். ஒவ்வொரு இதழுக்கும் ஒருதடவை, ரொம்ப அலட்சியமாகக் கேட்பதுபோல, "ஆரிகன் பக்கத்துச் சேதி ஏதாவது?" என்பாள். இல்லை என்பேன். வெள்ளிக்கிழமைக்கு நான் ஒருத்தி போதும் என்று மெல்ல மெல்லப் பழகிக்கொண்டாள்.

இந்த ஜூனில் எங்கள் ஐம்பதாம் ஆண்டு ஒன்றுகூடல். கொரோனாவினால் இந்த வருடமும் இல்லை என்று அவளிடம் சொல்லிவைத்தேன். ஆனால் எல்லாச் சடங்கும் தவறாமல் நடந்தது, நீங்களும் இருந்தீர்களே. சனிக்கிழமை காலை தேவாலயத்தில் இறந்தவர்களின் பெயரைச் செயலாளர் வாசிப்பது வழக்கம். ஐம்பதாம் ஆண்டில் மட்டும் வகுப்பில் அதுவரை இறந்த எல்லோர் பெயரும் வாசிக்கப்படும், பெயருக்கு ஒரு மணி. வாசித்தேன். அகர வரிசையில் லெனோர் இருபத்தைந்தாவது.

டேல் கறுப்பு டை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவள் பெயரில் மரம் நட்டான், மண்ணைக் கையாலேயே அள்ளிப் போட்டான். கல்லறை எங்கே என்று கேட்டான். ஏரியில் சாம்பலைக் கரைத்துவிட்டோம் என்றேன். அவன் நின்ற இடத்திலிருந்து தலையைத் தூக்கினால் மேட்டில் அவள் ஜன்னல் தெரியும். "கடைசில நீயாவது கூட இருந்தியே பாபி, அது போதும்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கும் கண் கலங்கியது. நடிப்பு இல்லை.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. இத்தனை வருடம் அந்த மணிக்குக் கீழேதான் நின்றிருக்கிறேன், அது எவ்வளவு தூரம் கேட்கும் என்று எனக்குத் தெரியாது.

முந்தின நாள் ஒன்றுகூடல் வேலையால் போக முடியாததால் அன்று மாலை ஐந்து மணிக்குப் போனேன். சட்டையிலிருந்த பெயர் அட்டையைக் கழற்றிக் காரிலேயே வைத்தேன். ஜன்னல் திறந்திருந்தது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"மணி அடிச்சாங்க," என்றாள்.

கூட்டம்தான் இல்லை, பெயர் மட்டும் வாசித்தோம் என்றேன்.

"இருபத்தேழு அடிச்சுது. நீ எனக்குச் சொன்ன கணக்கு இருபத்தாறு. காலைலேர்ந்து விரல் மடக்கிக்கிட்டே இருக்கேன், இருபத்தாறுதான் வருது. யாருடி அது, எங்கிட்டச் சொல்லாம வெச்சிருக்கறது?"

யார் பெயரை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், நீங்கள் சொல்வது சரிதான். வகுப்பில் அவள் பேசியே இராதவர்கள் எத்தனையோ பேர். மணியடித்தவன் தவறாக எண்ணிவிட்டான் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே ஒரு பெயரை நினைத்துவிட்டிருந்தாள். ஐந்து வருடம் என்னோடு இருந்தும், மணி அடித்ததும் அவள் நினைத்தது அவனைத்தான். எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

"டேல்," என்றேன்.

எப்போது என்று கேட்டாள். ஏப்ரலில் என்றேன். பிறகு, "என் லெட்டர் கிடைச்சுதா அவனுக்கு?" என்றாள்.

"கிடைச்சுது. படிச்சான்னு அவன் பொண்ணு எழுதியிருந்தா."

"பதில் போடல."

"போடல."

அவ்வளவுதான் பேசினோம். அதே நேரத்தில் டேல் கல்லூரிப் புல்வெளியில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து கோழி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். காரில் ஏழு நிமிடம்.

அதன் பிறகு அவள் சாப்பாட்டைக் குறைத்தாள், பிறகு நிறுத்தினாள். தாதிகள் கெஞ்சினார்கள், நானும் ஊட்டிப் பார்த்தேன். பத்திரிகை படிக்கட்டுமா என்றால் வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒன்பது வெள்ளிக்கிழமை அப்படிப் போனது. எந்த வெள்ளிக்கிழமையிலும் ஒரு வார்த்தை சொல்லி அவளை எழுப்பி உட்காரவைத்திருக்கலாம். அவன் உயிரோடு இருக்கிறான், கூப்பிடட்டுமா, அவ்வளவு போதும். கைப்பையில் அவன் எண் இருந்தது. நான் சொல்லவில்லை. ஒன்பதாவது வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் பன்னிரண்டு, நான் பக்கத்தில் இருக்கும்போதே போனாள். அமைதியாகத்தான் போனாள்.

தன் கல்லூரி மோதிரத்தைக் கிரேஃபோர்ட்டுக்கே அனுப்பிவிட வேண்டும் என்று தாதி ஒருத்தியிடம் சொல்லியிருந்தாளாம். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நானே கொண்டுவந்து கொடுத்திருப்பேன், நீங்கள் மூன்று வருடத்துக்கு முன்பு இறந்தவளின் மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்.

நான் அவளைக் கொன்றேனா என்று கேட்கத்தான் வந்தீர்கள், கேக் சாப்பிட இல்லை. காகிதத்தில் கொன்றேன், 2019இல். அதற்கு என் கையெழுத்து இருக்கிறது. இந்த வருடம் அவள் இறந்ததற்கும் நான் சொன்ன ஒரு பெயர்தான் காரணம், சொல்லும்போதே எனக்கு அது தெரியும். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். பதிவேட்டில் தேதியைத் திருத்திக்கொள்ளுங்கள். மரத்தின் பலகையிலும் வருடத்தை மாற்ற வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். டேலுக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள். அவளுக்காக அவன் ஒருமுறை அழுது தீர்த்துவிட்டான். இந்த வயதில் இன்னொரு முறை அழவைப்பது கொடுமை, மேரிட். ஒருவரை அப்படி வதைக்க எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை.