இருவர் படித்த ஒரு நூல்: மாதுமை அம்மையாருக்கு எங்கள் பிரியாவிடை மடல்

ஈப்போ நூலக ஆவணக் காப்பகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் இன்முகமும் இன்சொல்லும் மாறாமல் பணியாற்றி, இன்று ஓய்வு பெற்றுச் செல்லும் எங்கள் தன்னார்வலர் பிரிவின் தலைமகளே! தூசு படிந்த தாள்களுக்கும் துயர் படிந்த மனங்களுக்கும் துணையாய் நின்ற தூயவரே! கண்ணொளி இழந்தோரின் காதுகளுக்குக் கதைகளைக் கொண்டு சேர்த்த கருணையே! அன்பையும் அடக்கத்தையும் அணியாகப் பூண்ட அம்மையே, திருமதி மாதுமை ஸ்கந்தராஜா அவர்களே, வணக்கம்!

வாழ்த்த வந்த மடல் வழியில் தழுதழுத்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். எழுதிய கை சரளாவாகிய என்னுடையது. சொன்ன வாய்கள் இந்த அவையில் அமர்ந்திருக்கும் அலுவலர், தன்னார்வலர் அனைவருடையவை.

ஊதியம் இல்லாத வேலைக்கு யார் வருவார் என்று அலுவலகமே ஐயுற்ற காலத்தில், வாசலில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, வருவோர் போவோரை அழைத்து உட்காரவைத்துப் பேசினீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வந்தார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரம் போகாத தாய்மார் வந்தார்கள். ரப்பர் தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபெயர்ந்து, பழைய நிழற்படங்களை எங்கே கொடுப்பதென்று தெரியாதவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தேநீர் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் பொருந்திய வேலையையும் கொடுத்தீர்கள். நான் ஒலிநூல் படிக்க ஆசைப்பட்டு வந்தவள். என் வாசிப்பைக் கேட்டுவிட்டு உங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் நீங்கள் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: "சரளா, உங்கட வாசிப்புக்குக் கால் முளைச்சிருக்கு. கேக்கிறவர் பின்னால ஓட ஏலாது. கொஞ்ச நாள் படங்களில பூஞ்சை துடையுங்கோ, நிதானம் வரும்." துடைத்தேன். நிதானமும் வந்தது.

கண்டிப்பிலும் கனிவு குறையாத கோமகளே! உங்கள் கணவர் அமரர் ஸ்கந்தராஜா அவர்களைச் சொல்லாமல் உங்களைப் பாராட்டுவது எங்களால் ஆகாது. இரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்ற அவர், வீட்டில் சும்மா இருக்க மனமின்றி உங்களிடமே தன்னார்வலராக விண்ணப்பித்தார். குரல் தேர்வில் மற்றவர்களை நிறுத்தியது போலவே அவரையும் நிறுத்தினீர்கள். முதல் முறை அவரைத் தேறவில்லை என்று திருப்பியும் அனுப்பினீர்கள்! அவர் சிரித்துக்கொண்டே தேநீர் அறைக்கு வந்து, "வீட்டிலயும் ஃபெயில், இங்கயும் ஃபெயில்" என்று எங்களிடம் சொன்னதை மறக்க முடியுமா? விடாமல் பயின்று மறுபடியும் வந்தார், தேறினார். அதன்பின் பேரா மாநிலம் முழுவதும் பார்வையற்றோர் பலருக்கு அவருடைய குரலே நூலகமானது.

அவர் கடைசியாகக் கையில் எடுத்தது நம் தன்னார்வலர்களே தொகுத்த நூல். கோலா கங்சார் பக்கத்தில் மூடப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்து மக்கள் தங்கள் வாழ்வைச் சொல்லச் சொல்ல நாம் எழுதிச் சேர்த்தது. அவர் படித்த இயல்கள் ஒவ்வொன்றாகக் கேட்போரின் கைப்பேசிகளுக்குச் சென்றுகொண்டிருந்தன. தோட்டம் விற்கப்பட்ட செய்தி வந்து, லயத்து வரிசை வீடுகளின் மக்கள் சாமான்களை லோரியில் ஏற்றத் தொடங்கும் இடத்திற்கு வந்தபோது அவருடைய தொண்டை கரகரத்தது. சளி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மருத்துவமனை வேறு நோயின் பெயர் சொன்னது. அறுவை சிகிச்சைக்கு முன் நூலை முடித்துவிடுகிறேன் என்று அவர் மன்றாடினார். குரலுக்கு ஓய்வு வேண்டுமென்று மருத்துவர் சொன்னதால் நீங்கள் இடங்கொடுக்கவில்லை. "சுகமாகி வந்து படியுங்கோ, நூல் எங்கயும் போகாது" என்றீர்கள். சுகமாகவில்லை, அம்மா. சிகிச்சைக்குப் பின் உதடுகள் அசைந்தன, ஓசை வரவில்லை. அடுத்த தைப்பொங்கலுக்கு அவர் நம்மிடையே இல்லை.

துயரைத் தோளில் தாங்கி, பணியைப் பழுதின்றித் தொடர்ந்த தகைமையே! விடுப்பு முடிந்து நீங்கள் திரும்பிய அந்த வாரமே தொலைபேசி ஒலித்தது. தெலுக் இந்தானிலிருந்து, நம் ஒலிநூல்களைக் கேட்போரில் ஒருவரான பத்துமலை ஐயா பேசினார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்து, நீரிழிவினால் பார்வை போனவர். "அம்மா, அந்த ஐயா படிச்ச பொஸ்தகம் பாதியிலயே நிக்குதுலா. மீதி எப்ப வரும்?" என்று கேட்டார். "வரும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தீர்கள். அடுத்தடுத்த வாரங்களிலும் அவர் கேட்டார். நீங்களும் அதே ஒரு சொல்லையே சொன்னீர்கள். பக்கத்து மேசைகளில் இருந்த நாங்கள் தலையைத் தூக்காமல் வேலை செய்வதுபோல் பாவனை செய்தோம்.

ஒருநாள் அந்தச் சொல் உங்களுக்கு வரவில்லை. "ஐயா, அதைப் படிச்சவர் என்ர மனுசன். அவர் காலமாகிட்டார்" என்றீர்கள். பத்துமலை ஐயா மெல்லத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை மகள் ஷர்மினியின் கையைப் பிடித்துக்கொண்டு, பேருந்து மாறி மாறி அவர் ஈப்போவுக்கே வந்துவிட்டார். உங்கள் எதிரில் உட்காரக்கூட மறுத்தார். "எனக்குத் தெரியலம்மா. சாவு வீட்டுல போயி மீதிக் கதை கேட்ட மாதிரி ஆயிருச்சு. மன்னிச்சிருங்க" என்று நின்றபடியே அழுதார். நீங்கள் எழுந்துபோய் அவரை நாற்காலியில் அமர்த்தினீர்கள். அப்போதுதான் தெரிந்தது, அவர் பிறந்ததே அந்தத் தோட்டத்து லயத்தில்தான் என்று. இளவயதிலேயே லோரி ஓட்ட வெளியூர் போய்விட்டவர். தோட்டம் கலைந்தபோது தம் சனங்கள் எந்தெந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. நூலின் பிற்பகுதியில்தான் அது இருந்தது.

ஆனால் ஒரு நூலுக்கு ஒரே குரல் என்பது ஒலிநூல் பிரிவின் விதி. பாதியில் நின்ற பதிவை நீக்கிவிட்டு, முதலிலிருந்து வேறொருவர் படிக்க வேண்டும். பதிவுக்கூடத்துத் தீபன் தயங்கித் தயங்கி அதை உங்களுக்கு நினைவூட்டினார். "தெரியும் தீபன். எத்தனை பேருக்கு நானே இந்த விதியைச் சொல்லியிருக்கிறன். என்ர வீட்டுக்காரருக்கு எண்டு மாத்த ஏலுமே? நீக்குங்கோ" என்றீர்கள். தீபனின் கை அசையவில்லை. பத்துமலை ஐயாதான் குறுக்கே பேசினார்:

"ஐயா குரலை அழிச்சிடாதீங்கம்மா. கண்ணு போனதுல இருந்து நான் யார் மொகத்தையும் பார்க்கல. எனக்கு அந்தக் குரல்தான் மொகம். மீதிய நீங்க படிங்க. புருசன் பாதி, பொண்டாட்டி பாதி. எந்த விதி வந்து கேக்கும்?"

தனக்கென ஒருநாளும் சலுகை கேட்டறியாத செம்மையே! அன்று முதல்முறையாக மேலதிகாரியை அழைத்துக் கேட்டீர்கள். அவரும் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். குரல் மாறும் இடத்தில் அதைக் கேட்போருக்கு அறிவிக்க வேண்டும்.

நீங்கள் படித்தீர்கள். சாமான்கள் ஏறியதையும், கோயில் சாமியைப் பெயர்த்தெடுத்ததையும், பாகான் டத்தோவுக்குச் சிலரும் சுங்கை சிப்புட்டுக்குச் சிலருமாகப் பிரிந்ததையும் குரல் நடுங்காமல், அவசரப்படாமல் இறுதிவரை படித்தீர்கள். ஓரிடத்தில் மட்டும் குரல் உடைந்தபோது, இருக்கட்டும் அக்கா, உணர்ச்சியாக இருக்கிறது என்று தீபன் சொன்னார். "வேண்டாம், திரும்ப எடுங்கோ. கேக்கிறவருக்குக் கதை வேணும், என்ர அழுகை வேண்டாம்" என்றீர்கள்.

எல்லாம் முடிந்தபின் எஞ்சியது அந்த அறிவிப்பு மட்டுமே. இதுவரை படித்தவர் ஸ்கந்தராஜா, இனிப் படிப்பவர் மாதுமை. இவ்வளவுதான். இத்தனை இயல்களையும் தாண்டி வந்த உங்களால் இந்த ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. "படித்தவர்" என்ற சொல்லில் ஒவ்வொரு முறையும் நின்றீர்கள். வேறு யாரையாவது சொல்லச் சொல்லலாம் என்றார் தீபன். தலையசைத்து மறுத்தீர்கள். கண்ணாடிக்கு இப்பால் நின்ற எங்களுக்கு உங்கள் முதுகு மட்டும் தெரிந்தது. கடைசியில் அவருடைய பெயரைச் சொன்னீர்கள், உங்கள் பெயரையும் சொன்னீர்கள். ஒலிவாங்கியை நீங்களே அணைத்துவிட்டு, விளக்கு எரிய அங்கேயே உட்கார்ந்திருந்தீர்கள். நாங்கள் யாரும் கதவைத் திறக்கவில்லை.

பதிவு போய்ச் சேர்ந்த மறுநாள் பத்துமலை ஐயா அழைத்தார். தம் சின்னம்மா குடும்பம் சுங்கை சிப்புட்டில் இருப்பதை நூலில் கேட்டு, ஷர்மினி விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டாளாம். சின்னம்மா உயிரோடு இல்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். பிறகு, "ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்து பேசுற மாதிரியே இருக்கும்மா" என்றார். நீங்கள் நன்றி சொல்லி வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனீர்கள். அன்று மாலைவரை உங்களை யாரும் கூப்பிடவில்லை. பத்துமலை ஐயா இப்போது நம் தன்னார்வலர். புதிய பதிவுகளைக் கேட்டுப் பிசிறும் பிழையும் சொல்கிறார். இன்றும் முன்வரிசையில்தான் இருக்கிறார்.

எங்கள் ஏந்தலே! ஈப்போ வீட்டை விற்றுவிட்டு, சிரம்பானில் தங்கை பூமணி அவர்கள் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று அறிந்தோம். சனிக்கிழமைகளில் யார் எங்களைத் திருத்துவார்? யார் எங்களுக்குத் தேநீர் ஊற்றுவார்? கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. தடுக்க உரிமை இல்லை.

இத்தகைய மடல்கள் நீண்ட ஆயுளை வாழ்த்தி முடிவது மரபு. எங்களுக்கு அந்த இடத்தில்தான் பேனா நின்றது. ஐயாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்திருந்த எங்களிடம் நீங்கள் சொன்னீர்கள்: "நீடூழி வாழ்க எண்டு மட்டும் என்னை வாழ்த்தாதேங்கோ. அவ்வளவு நாளும் நான் தனிய இருக்கோணுமே." அதனால் நாங்கள் ஆளுக்கொரு கிழமையை எடுத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். திங்கள் என்னுடையது, செவ்வாய் தீபனுடையது, புதன் பத்துமலை ஐயாவுடையது, மற்றவை மற்றவர்களுடையவை. மாலையில் தொலைபேசி ஒலிக்கும். பேச மனமில்லாத நாளில் பேச வேண்டாம், எடுத்தால் போதும்.

உங்கள் சொல்லை நாங்கள் மீறுவது இதுவே முதல் முறை, அம்மா. நெடுநாள் வாழுங்கள்.

கலங்கிய கண்களோடும் கனிந்த நெஞ்சோடும்,
அலுவலர்களும் தன்னார்வலர்களும்,
நூலக ஆவணக் காப்பகம், ஈப்போ.